எழுத்து எத்தனை முறை திரும்புகிறது?

காசின் மேல் நோட்டுத்தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து, மூன்று சிங்கத்தைத் தாளில் வரவழைத்து விளையாடாத பிள்ளைகள் குறைவு. கொஞ்சம் துணிச்சலான பிள்ளைகள் இன்னொன்றும் செய்து பார்த்திருப்பார்கள். அதே காசில் பேனா மையைத் தடவித் தாளில் ஒற்றுவார்கள். முதல் முறையில் எழுத்து நேராக வந்தது. இரண்டாவது முறையில் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி வந்தது. காசு ஒன்றுதான், தாளும் ஒன்றுதான். மாறியது ஒன்றே ஒன்று: கரியைத் தாளின் எந்தப் பக்கத்தில் வைத்தோம் என்பது. அச்சுத் தொழிலின் சொற்களில் பாதி இந்த வித்தியாசத்திலிருந்து பிறந்தவை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. விளங்கிய இடம் உத்திரமேரூர்.

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது அந்த ஊர். சுற்றிலும் நெல்வயல், பக்கத்தில் பெரிய ஏரி. ஊருக்குள் வைகுண்டப் பெருமாள் கோயில். அதன் மண்டபச் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டிலும் 14-ஆம் ஆட்சியாண்டிலும் ஊர்ச் சபை எடுத்த முடிவுகள் வரிவரியாக வெட்டப்பட்டிருக்கின்றன. நம் கணக்கில் கி.பி. 919, 921. ஊரைக் குடும்பு என்ற 30 பிரிவுகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன குடவோலை முறையைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். அந்தப் பாடத்தின் மூலம் இந்தச் சுவர். 919-இல் வாரியம் என்ற ஊர்க் குழுவுக்கு வரவேண்டியவரின் வயது 30 முதல் 60 வரை என்று விதித்தவர்கள், இரண்டே ஆண்டில் அதை 35 முதல் 70 வரை என்று மாற்றி மறுபடியும் வெட்டினார்கள். அச்சகத்தார் பேச்சில் இது திருத்திய இரண்டாம் பதிப்பு. கல்லில் வந்த திருத்திய பதிப்பு.

இந்தக் கல்வெட்டுகளை அரசின் கல்வெட்டுத் துறை 1898-இல் படி எடுத்துத் தன் பட்டியலில் சேர்த்தது. 'படி எடுத்தல்' என்பது அந்தத் துறையில் அன்றாடச் சொல். எடுத்த படிக்கு மைப்படி என்று பெயர், மசிப்படி என்றும் சொல்வார்கள். முதலில் கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுவார்கள். நனைத்த தாளைச் சுவரில் ஒட்டுவார்கள். கெட்டியான மயிர்த் தூரிகையால் அந்தத் தாளை அடிப்பார்கள். தேய்ப்பதில்லை, அடிப்பதுதான். ஈரத்தாள் இளகி, வெட்டிய எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கிப் படியும். பிறகு துணிப் பந்தில் கரிமையைத் தொட்டுத் தாளின் மேல் மெல்ல ஒற்றிக்கொண்டே போவார்கள். பந்து தொடும் இடமெல்லாம் கறுக்கும். எழுத்து பள்ளத்தில் இருப்பதால் பந்து அதைத் தொடாது. தாள் காய்ந்ததும் உரித்தால் கரிய பரப்பில் வெள்ளை வெளேரென்று எழுத்து நிற்கும். ஆயிரம் ஆண்டு மழையிலும் வெயிலிலும் தேய்ந்து, நேரில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தப்பும் எழுத்துகூட மைப்படியில் எழுந்து வந்துவிடும்.

இதில் என்னை அசர வைத்தது வெள்ளை எழுத்து அல்ல. அது நேராக இருந்ததுதான். கல்லில் மை தடவித் தாளை ஒற்றியிருந்தால் எழுத்து புரண்டிருக்கும். கல்லும் கறையாகியிருக்கும். மைப்படி எடுப்பவர் கல்லைத் தொடாமல் தாளின் வெளிப்புறத்தில் மை வைக்கிறார். தாள் கல்லின் தோலாகிவிடுகிறது, மை தோலின் மேல் ஏறுகிறது. எழுத்து ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

இது விளங்கிய நாளிலிருந்து அச்சகத்துக்குப் போகும்போதெல்லாம், எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்வேன். மை எங்கே நிற்கிறது? எழுத்து எத்தனை முறை திரும்புகிறது? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால், வாயில் நுழையாத சொற்களாகத் தோன்றும் லெட்டர்பிரஸ், கிராவூர், ஆஃப்செட், ஸ்கிரீன் எல்லாம் பழகிய முகங்களாகிவிடுகின்றன.

மை நிற்க நான்கு இடங்கள்தான் உண்டு. ஒன்று மேடு. ரப்பர் முத்திரையில் எழுத்து எழும்பி நிற்கிறதே, அது. ஈய எழுத்தை அடுக்கி அச்சடித்த பழைய லெட்டர்பிரஸ் இந்த வகை. இரண்டு பள்ளம். கிராவூர் இந்த வகை. மை குழிக்குள் நிற்கும், மேற்பரப்பைத் துடைத்துவிடுவார்கள், தாளை அழுத்தும்போது தாள் குழிக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். 500 ரூபாய் நோட்டில் காந்தி படத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள், சற்றுத் தட்டுப்படும். அந்தத் தடிப்பு பள்ளத்திலிருந்து எழுந்து வந்த மை. மூன்று சமதளம். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எண்ணெயும் தண்ணீரும் சேராது என்ற ஒரே நம்பிக்கையில் மை தன் இடத்தை அறிகிறது. ஆஃப்செட் இந்த வகை. நான்கு ஓட்டை. துளையிட்ட தகரக் கோல அச்சில் மாவைப் போட்டுத் தட்டினால் வாசலில் தாமரை விழுகிறதே, அதுதான் ஸ்கிரீன் பிரிண்டிங்கின் தத்துவம். தகரத்துக்குப் பதில் மெல்லிய வலைத்துணி, மாவுக்குப் பதில் மை. கோல அச்சிலும் எதுவும் திரும்புவதில்லை, தகரத்தில் தாமரை எப்படி இருக்கிறதோ அப்படியே தரையில் விழும்.

பள்ளத்தில் மை நிற்பது நமக்குப் புதிதே அல்ல. பனையோலையில் எழுத்தாணி எழுதாது, கீறும். கீறியது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கரியையும் இலைச்சாற்றையும் சேர்த்து ஓலை முழுக்கப் பூசித் துடைத்தால் மேற்பரப்பிலிருந்து கரி போய்விடும், கீறலுக்குள் தங்கிவிடும். மையாடல் என்று இதைச் சொன்னார்கள். ரூபாய் நோட்டு அச்சடிக்கும் தகட்டில் நடப்பது வரிக்கு வரி இதே காரியம். ஓலைமேல் ஒரு தாளை வைத்து அழுத்தியிருந்தால் போதும், அச்சு நம்மிடமே பிறந்திருக்கும் என்று சில சமயம் ஏக்கமாக இருக்கும். ஆனால் அழுத்த நம்மிடம் தாள் இல்லை. ஓலைக்கு ஓலை கையால் எழுதிக்கொண்டே போனோம்.

தாள் இருந்த நாட்டில் அது நடந்தது. சீனத்தில் கல்லெழுத்துக்குத் தாள் ஒட்டி மைப்படி எடுக்கும் வழக்கம் மிகப் பழையது. உத்திரமேரூர்ச் சுவரில் உளி படுவதற்கு 51 ஆண்டுகளுக்கு முன், 868-இல், அங்கே வைரச் சூத்திரம் என்ற பௌத்த நூல் மரக்கட்டையில் செதுக்கி அச்சடிக்கப்பட்டது. ஆண்டு குறித்த அச்சு நூல்களில் இன்றுவரை முழுமையாகக் கிடைத்த மிகப் பழையது அதுதான், இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. மரக்கட்டை அச்சில் ஒரு நுட்பம் உண்டு. செதுக்குபவர் எழுத்தைப் புரட்டி எழுதிப் பழகத் தேவையில்லை. மெல்லிய தாளில் நேராக எழுதி, எழுதிய முகம் மரத்தைப் பார்க்கும்படி கவிழ்த்து ஒட்டிவிடுவார். தாளின் முதுகு வழியே எழுத்து புரண்டு தெரியும். அந்தக் கோட்டைச் சுற்றிச் செதுக்கினால் போதும். கட்டையில் மை தடவித் தாளை ஒற்றினால் எழுத்து மறுபடி நிமிரும். கவிழ்த்தலும் நிமிர்த்தலுமாக இரண்டு திருப்பம்.

தமிழ் எழுத்து உலோகத்தில் ஏறியது 16-ஆம் நூற்றாண்டில். என்ரீக்கெ என்ரீக்கஸ் பாதிரியாரின் தம்பிரான் வணக்கம் 1578 அக்டோபர் 20-ஆம் தேதி கொல்லத்தில் அச்சாகி முடிந்தது. 16 பக்கங்கள். அதன் கடைசிப் பக்கத்தில் கோவாவில் 1577-இல் வார்த்த எழுத்தையும் கொல்லத்தில் 1578-இல் வார்த்த எழுத்தையும் தனித்தனியே அடித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரு தொழிலாளி தன் முதல் வேலையையும் அடுத்த வேலையையும் பக்கம் பக்கமாக வைத்து, 'பார், எவ்வளவு தேறியிருக்கிறேன்' என்று காட்டுவதுபோல அந்தப் பக்கம் எனக்குத் தோன்றும்.

அந்தக் காலத்து எழுத்து வார்ப்பில் ஓர் எழுத்து எத்தனை முறை புரண்டது என்று எண்ணிப் பார்க்கலாம். முதலில் ஓர் உருக்குத் தண்டின் முனையில் 'ட' என்ற எழுத்தைப் புரட்டி, எழும்பி நிற்கும்படி செதுக்குவார்கள். அந்தத் தண்டை மிருதுவான செம்பில் வைத்து அடித்தால், செம்பில் 'ட' நேராக, பள்ளமாக விழும். அந்தச் செம்பு அச்சுக்குள் உருகிய ஈயக் கலவையை ஊற்றினால், ஈயத்தில் 'ட' மறுபடி புரண்டு, மேடாக நிற்கும். அதில் மை தடவித் தாளில் அழுத்தினால் கடைசியில் நேராக விழும். உருக்கிலிருந்து தாள்வரை மூன்று திருப்பம், திருப்பத்துக்குத் திருப்பம் மேடு பள்ளமாகி பள்ளம் மேடாகிறது. வெல்லத்தை அச்சில் ஊற்றுகிறவர்களுக்கு இந்த வித்தை தெரியும். அச்சு வெல்லத்தில் இருக்கும் அச்சும் அச்சகத்தில் இருக்கும் அச்சும் ஒரே சொல்தான், உருவம் கொடுப்பது என்ற ஒரே பொருள்தான். காஞ்சிபுரம் நெசவாளர்கள் தறியில் பாவு நூலைப் பிரித்துப் பிடிக்கும் சீப்பையும் அச்சு என்றே சொல்கிறார்கள்.

வெறும் ஈயத்தில் எழுத்து வார்க்க முடியாது. ஈயம் மெத்தென்றது, நான்கு அழுத்தலில் நசுங்கிவிடும். ஆறும்போது சுருங்கவும் செய்யும், எழுத்தின் ஓரம் மழுங்கிப்போகும். அதனால் ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேர்த்தார்கள். ஆன்டிமனி கடினத்தைத் தருகிறது, இறுகும்போது சுருக்கத்தையும் வெகுவாகக் குறைக்கிறது. வெள்ளீயம் சேர்ந்தால் உருகிய கலவை நன்றாக ஓடி மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும். தனி ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும், சரியான அளவில் சேர்த்த கலவை 240 பாகையிலேயே உருகிவிடும். மூன்று உலோகம் சேர்ந்தால் தனி ஈயத்தைவிடக் குறைந்த சூட்டில் இளகும் என்பது இன்றைக்கும் எனக்கு வியப்புதான்.

உலோகம் வந்த பிறகு புள்ளிக்கும் இடம் கிடைத்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்தின் தலையில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. உத்திரமேரூர்ச் சுவரில் ஓர் எழுத்தை 'க' என்று வாசிப்பதா 'க்' என்று வாசிப்பதா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஓலையிலும் அப்படியே. எழுத்தாணி முனையை ஊன்றிப் புள்ளி குத்தினால் ஓலையில் ஓட்டை விழும் அபாயம் உண்டு. ஈய எழுத்தின் தலையில் புள்ளி வைப்பதால் ஒன்றும் கிழியாது. இன்று நாம் புள்ளி வைத்து எழுதும் பழக்கம் வேரூன்றியதில் அச்சுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஈய எழுத்தின் இன்னொரு பாதிப்பு நம் கண்முன்னே நடந்தது. அச்சுக்கோப்பவர் முன்னால் சரிந்த மரப்பெட்டி இருக்கும், கேஸ் என்று பெயர். எழுத்துக்கு ஓர் அறை. தமிழின் 247 எழுத்துக்கும் தனி அறை தேவையில்லை, கொம்பு, துணைக்கால் எல்லாம் தனியாகச் சேர்க்கலாம். ஆனால் உகர ஊகார வரிசை ஒவ்வொன்றும் தனி உருவம். அதற்கு மேல் ணா, றா, னா ஆகியவை அன்று காலைச் சுழித்துச் சேர்த்த ஒற்றை எழுத்துகள், ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு யானைத் தும்பிக்கைபோல் ஒரு வளைவு. பெரியார் 1935-இல் குடி அரசு இதழில் இவற்றை நேராக்கி அச்சிடத் தொடங்கினார். 1978-இல் தமிழ்நாடு அரசு ஒகர ஓகார வடிவங்களையும் சேர்த்து 13 எழுத்துகளின் மாற்றத்தை ஆணையாக்கியது. ஐம்பது வயது தாண்டியவர்கள் பழைய புத்தகத்தைத் திறந்ததும் 'னை'யின் தும்பிக்கையைப் பார்த்து ஒரு கணம் நிற்பார்கள். எழுத்தின் அழகைப் பற்றி நடந்த வாதமாக மட்டும் அதைப் பார்ப்பது போதாது. கேஸில் எத்தனை அறை என்ற கேள்வியும் அதற்குள் இருந்தது.

அச்சுக்கோப்பவரான கம்போசிட்டர் கையில் ஸ்டிக் என்று ஓர் உலோகப் பிடி இருக்கும். எழுத்தை அதில் தலைகீழாக, இடமிருந்து வலமாக அடுக்குவார். புரண்ட எழுத்தைத் தலைகீழாக வைத்தால் வரி இடமிருந்து வலமாகவே ஓடும், வாசிக்க வசதி. எழுத்தின் உடம்பில் ஒரு பக்கம் சிறு வெட்டு இருக்கும், விரல் அதைத் தடவி எந்தப் பக்கம் மேலே என்று சொல்லிவிடும். கண் பார்க்கும் முன் விரல் அறியும். வரிகள் நிரம்பியதும் கேலி என்ற தட்டுக்கு மாற்றுவார்கள், அதிலிருந்து எடுத்த முதல் ஒற்றுக்குப் பெயர் கேலி புரூஃப். மெய்ப்பு என்று நல்ல தமிழில் சொல்கிறோம். மெய்தானா என்று பார்ப்பது மெய்ப்பு. அந்தச் சொல்லை யார் முதலில் சொன்னாரோ, அவருக்கு என் வணக்கம்.

கோத்த பக்கங்களை இரும்புச் சட்டத்துக்குள் வைத்து முடுக்கினால் அது ஃபாரம். ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். ஆனால் தமிழ் அச்சகத்தில் வேலை செய்தவர்கள் அதைப் 'பாரம்' என்றே உச்சரித்தார்கள். தவறு என்று திருத்த எனக்கு மனம் வராது. ஈயம் நிறைந்த அந்தச் சட்டத்தைத் தூக்கி இயந்திரத்தில் ஏற்றியவருக்கு அது பாரம்தான். இன்று ஈயம் இல்லை, சட்டம் இல்லை, எடையும் இல்லை. ஆனாலும் பதிப்பாளர் 'எத்தனை பாரம் வரும்?' என்றுதான் கேட்கிறார். 16 பக்கம் ஒரு பாரம். அந்தக் கணக்கில் தம்பிரான் வணக்கம் ஒரே பாரம்.

16 ஏன் என்று கேட்டால் ஒரு தாளை எடுத்து மூன்று முறை மடியுங்கள், மடிப்புக்கு மடிப்பு திசை மாற்றி. 8 இலை வரும், 16 பக்கம் வரும். மடித்தபடியே, கிழிக்காமல், ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்து 1 முதல் 16 வரை பக்க எண் போடுங்கள். பிறகு பிரித்துப் பாருங்கள். எண்கள் கலைந்து கிடக்கும், பாதி தலைகீழாக நிற்கும். 1-க்குப் பக்கத்தில் 16, 4-க்குப் பக்கத்தில் 13, 8-க்குப் பக்கத்தில் 9. கலைந்ததுபோல் தோன்றினாலும், புத்தகத்தின் முதுகாகும் மடிப்பில் ஒட்டி நிற்கும் ஒவ்வொரு ஜோடியையும் கூட்டினால் 17. அப்படி நிற்கும் எந்த ஜோடியும் இதற்குத் தப்பாது. இப்படிப் பக்கங்களை வைக்கும் வேலைக்கு இம்போசிஷன் என்று பெயர். பள்ளியில் தண்டனையாக எழுதிய இம்போசிஷன் வேறு, இது வேறு. பழைய அச்சகங்களில் இந்த வைப்பு அனுபவசாலிகளின் மனத்தில் இருந்தது, இன்று கணினி செய்கிறது. விதி அதே 17 தான்.

நூலகத்துக்குப் போகும் தமிழ்ப் புத்தகங்களின் முதல் பக்கங்களில் ஒரு பட்டியல் இருக்கும். நூலின் அளவு: டெம்மி 1/8. தாள்: 18.6 கிலோ. எழுத்தின் அளவு: 11 புள்ளி. புத்தகத்தைத் திறக்கும் யாரும் இதை வாசிப்பதில்லை, நானும் பல ஆண்டு தாண்டித்தான் போனேன். கையில் இருக்கும் ஒல்லிப் புத்தகம் 18.6 கிலோ எப்படி ஆகும்? அது புத்தகத்தின் எடை இல்லை, அந்தத் தாளில் ஒரு ரீமின் எடை. ரீம் என்றால் 500 தாள். டபுள் டெம்மித் தாள் 23 அங்குலம் அகலம், 36 அங்குலம் நீளம், பரப்பு ஏறத்தாழ 0.534 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள தாள் என்றால், அதைத்தான் 70 ஜி.எஸ்.எம். என்கிறார்கள், ஒரு தாள் 37 கிராமுக்குச் சற்று அதிகம். 500 தாளுக்கு 18.7 கிலோ. பட்டியலில் இருக்கும் 18.6-க்கு இது ஒட்டி வருகிறது. அதே அளவில் 60 ஜி.எஸ்.எம். தாளானால் 16 கிலோ. ஆக '18.6 கிலோ' என்பது தாளின் கனத்தைச் சொல்லும் வியாபாரப் பேச்சு. டெம்மி 1/8 என்பதும் மடிப்புக் கணக்கே. 18-க்கு 23 அங்குல டெம்மித் தாள் மூன்று மடிப்பில் 8 இலையாகிறது. 11 புள்ளி என்பதில் ஒரு புள்ளி அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு.

இனி சமதளம். 1796-இல் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதிச் சோதனை செய்துகொண்டிருந்தார். அதிலிருந்து சில ஆண்டுகளில் பிறந்தது லித்தோ. கல் சமதளமாக இருக்கும். எழுதிய இடம் எண்ணெயை ஏற்கும், எழுதாத இடம் தண்ணீரை ஏற்கும். முதலில் கல்லை நனைத்து, பிறகு எண்ணெய் மையை உருட்டினால் மை தன் இனத்தோடு மட்டும் சேரும். செதுக்கவே வேண்டாம். உத்திரமேரூர்க் கல்லில் எழுத்து பள்ளத்தால் நிற்கிறது, பவேரியக் கல்லில் வெறும் குணத்தால் நிற்கிறது. ஆனால் கல்லில் நேராக எழுதினால் தாளில் புரளும் என்பதால் புரட்டி எழுத வேண்டியிருந்தது.

அந்தத் தொல்லையைத் தீர்த்தது ஒரு தவறு. 1904-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஐரா ரூபெல் தன் லித்தோ இயந்திரத்தில் தாள் செலுத்திக்கொண்டிருந்தபோது ஒரு தாள் விட்டுப்போனது. மை தாளுக்குப் பதில் அழுத்தும் உருளையின் ரப்பரில் பதிந்தது. அடுத்த தாள் வந்தபோது முன்பக்கம் தகட்டிலிருந்தும் பின்பக்கம் ரப்பரிலிருந்தும் அச்சு விழுந்தது. பின்பக்கத்து உருவம் இடவலம் மாறியிருந்தது, ஆனால் முன்பக்கத்தைவிடக் கூர்மையாக இருந்தது. தாள் பார்வைக்கு வழுவழுப்பாக இருந்தாலும் நெருங்கிப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். கடினமான பரப்பு மேட்டை மட்டும் தொடும். ரப்பர் இளகிப் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். மைப்படி எடுக்கையில் ஈரத்தாள் கல்லின் பள்ளத்துக்குள் இறங்குகிறதே, அதே இளக்கம்தான் இங்கே ரப்பரில்.

தகட்டிலிருந்து ரப்பருக்கு, ரப்பரிலிருந்து தாளுக்கு என்று மை தள்ளிப்போய் விழுவதால் ஆஃப்செட். இரண்டு திருப்பம். அதனால் தகட்டில் எழுத்தை நேராகவே வைக்கலாம். மெஷினில் மாட்டும் அந்த மெல்லிய அலுமினியத் தகட்டை, பிளேட்டை, கையில் எடுத்தால் பக்கம் போலவே வாசிக்க முடியும். ரப்பர் போர்வைக்குப் பிளாங்கெட் என்று பெயர். மெஷின்மேனின் நாள் முழுக்க தண்ணிக்கும் மைக்கும் நடுவே சமாதானம் செய்வதில் போகும். தண்ணி கூடினால் மை வெளுக்கும், குறைந்தால் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குப் பிடிக்கும்.

வண்ணம் வேண்டுமானால் நான்கு பிளேட். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று சாதாரணமாகச் சொன்னாலும், சரியாகச் சொன்னால் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. இன்றைய நாளிதழின் ஓரத்தில் அந்த நான்கும் சிறு வட்டங்களாக நிற்பதைப் பார்க்கலாம். நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாக விழுந்தால் ரெஜிஸ்டர் சரி, ஒரு மயிரிழை விலகினால் நடிகையின் உதட்டுக்கு வெளியே சிவப்பு நிற்கும்.

உத்திரமேரூர்க் கடைத்தெருவில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. வண்ணப் பூவும் விநாயகரும் போட்ட வெற்று அட்டைகள் சிவகாசியிலிருந்து வந்து கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். மணமக்கள் பெயரும் முகூர்த்த நேரமும் மட்டும் இங்கே விழும். ஒரு மதியம் அப்படி ஒரு கடையில் நின்றிருந்தேன். ஓரத்தில் டிரெடில் என்ற பழைய லெட்டர்பிரஸ் இயந்திரம் இருந்தது. அதில் இப்போது எழுத்து அடிப்பதில்லை, பில் புத்தகத்துக்கு எண் போடவும் கிழிக்க வசதியாக ஓட்டைக் கோடு போடவும் மட்டும். பக்கத்தில் சிறிய ஆஃப்செட் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின்மேனிடம் பிளாங்கெட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை, மெஷினை நிறுத்திக் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். நீல ரப்பரில் மணப்பெண்ணின் பெயர் புரண்டு கிடந்தது. அதற்குக் கீழே, சிறிய எழுத்தில், 'உத்திரமேரூர்' புரண்டு கிடந்தது. பித்தானை அழுத்தினார். உருளை ஒரு சுற்று சுற்றியது, அட்டை வெளியே வந்து விழுந்தது. ஈரமான மையில் ஊரின் பெயர் நேராக இருந்தது.